இருபத்தெட்டு டிகிரி

1. மகள் பிறந்தாள். எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம்.
2. மூன்றாம் வாரத்திலிருந்து குடித்த பாலைக் கக்கத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு எட்டு முறை, சில நாள் பன்னிரண்டு முறை.
3. ஏற்காடு டவுனில் டாக்டர் பார்த்தார். எடை ஏறுகிறது, மருந்து வேண்டாம், பொறுத்திருங்கள் என்றார்.
4. நான் பொறுத்திருக்கவில்லை. இருபத்தெட்டு டிகிரிச் சாய்வில் அவளுக்கு ஒரு படுக்கைப் பலகை செய்யச் சொன்னேன்.
5. அதில் பதினேழு நாள் நன்றாகத் தூங்கினாள். கக்குவது குறைந்தது.
6. அதைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். அவள் குழந்தைக்கும் அதே அளவில் ஒன்று செய்து கொடுத்தேன்.
7. பதினெட்டாம் நாள் பிற்பகல் இரண்டு நாற்பதுக்கும் இரண்டு ஐம்பத்திரண்டுக்கும் நடுவில் என் மகள் பலகையில் கீழே சறுக்கினாள். தாடை நெஞ்சில் படிந்தது. மூச்சு நின்றது.
8. இன்னொரு பலகை அப்போதும் வெள்ளக்கடையில், அவள் வீட்டில் இருந்தது.

இவற்றைச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எது நடந்தாலும் எண் போட்டு எழுதுவது என் பழக்கம். முதல் ஏழு வரிகளையும் அன்று மாலையே எழுதிவிட்டேன். எட்டாவதை மறுநாள்தான் எழுதினேன். அந்த ஒரு நாளைச் சொல்வதற்காகத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

நான் படித்தது அளவுக் கருவிகள் பற்றிய பொறியியல். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்கிறேன். கொட்டையின் ஈரப்பதம் பார்க்கும் கருவி, உலர்த்தும் எந்திரத்தின் வெப்பமானி, தராசுகள் எல்லாம் சரியான எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. காபி காயும் சிமென்ட் களத்துக்கும் நான்தான் ரசமட்டம் வைப்பேன். களம் சமமாக இருக்கக்கூடாது. மழை பெய்தால் தண்ணீர் ஒரு பக்கமாக வடிய வேண்டும். கொட்டை உருண்டு போகும் அளவுக்குச் சாயவும் கூடாது. எந்தச் சாய்வில் உருளத் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்துவது எங்கள் வழக்கம்.

என் கணவர் அதே எஸ்டேட்டில் ரைட்டர், ஆள் வருகை எழுதுகிறவர். மாமியார் எங்களோடு இருக்கிறார். அவர் கரடியூர்க்காரர், மலையை விட்டு இறங்குவதே அபூர்வம். நான் சேலத்திலிருந்து கல்யாணமாகி மேலே வந்தவள்.

மகள் கக்குவதை எல்லாரும் சாதாரணம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அது சாதாரணமாக இல்லை. பால் குடித்து, தோளில் போட்டுத் தட்டி, ஏப்பமும் வந்த பிறகு, படுக்க வைத்த ஐந்தாம் நிமிடம் வாயோரத்தில் வெள்ளையாக வழியும். சில நேரம் மூக்கிலும் வரும். முதுகை வில்லாக வளைத்து, காலை உதைத்து அழுவாள். மேலே வந்தது திரும்ப இறங்கும்போது தொண்டை எரிகிறது என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவள் கழுத்து மடிப்பில் எப்போதும் புளித்த வாசனை இருந்தது. கார்த்திகை மழை விடாமல் பெய்தது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி காயவைத்தோம். வீடு முழுக்கப் புளித்த பாலும் புகையும்.

நான் அளக்கத் தொடங்கினேன். எஸ்டேட் கூடத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த, மாதிரிக் கொட்டை நிறுக்கும் சிறிய தராசு ஒன்றைக் கணவர் கேட்டு வாங்கி வந்தார். துடைக்கும் துணியை உலர்ந்தபடி ஒரு முறை, துடைத்த பிறகு ஒரு முறை எடை போடுவேன். வித்தியாசம்தான் கக்கியது. நோட்டில் நான்கு பத்திகள் போட்டேன்: நேரம், எத்தனை நிமிடம் குடித்தாள், எத்தனை கிராம் கக்கினாள், எவ்வளவு நேரம் அழுதாள். ஐந்தாவது பத்தி வாரம் ஒரு முறை மட்டும் நிரப்புவது, அவள் எடை.

டவுன் டாக்டர் நோட்டைப் புரட்டி, மற்ற நான்கையும் தாண்டி, ஐந்தாவது பத்தியில் விரலை வைத்தார்.

“எடை நல்லா ஏறுதேம்மா?”

“ஏறுது டாக்டர். ஆனா கக்குறது முப்பது கிராம் வரைக்கும் போகுது.”

“பச்சையா வருதா? ரத்தம்?”

“இல்ல.”

“பீச்சி அடிக்குதா?”

“இல்ல, வழியுது.”

“அப்ப இதுக்கு மருந்து சோப்புத்தான். துவைச்சுப் போட்டுக்கிட்டே இருங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “வயித்தோட மேல்வாய் இன்னும் இறுகல. இறுகுறதுக்கு மாசக்கணக்கு ஆகும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. குடிச்சதும் அரை மணி நேரம் நிமுத்திப் பிடிச்சுக்குங்க. தூங்க வைக்கிறப்ப சமமான எடத்துல மல்லாக்கப் போடுங்க. அவ்வளவுதான்.”

“சொட்டு மருந்து ஏதாவது?”

“குழந்தைக்கு வேண்டாம். உங்களுக்கு வேணும்னா ஒண்ணு எழுதித் தரேன்.”

கணவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வெளியே வந்து, சொன்னதையெல்லாம் நோட்டில் வரிசையாக எழுதினேன். ‘சமமான இடம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சமமாகப் படுக்க வைத்தால் பால் மேலே வரத்தானே செய்யும்? திரவம் மேட்டுக்கு ஏறாது. தலைப்பக்கம் உயர்ந்தால் வயிற்றிலேயே நிற்கும். எனக்கு அது கணக்காகத் தெரிந்தது. டாக்டர் சொன்னது பொறுமையாகத் தெரிந்தது. பொறுமையை நான் ஒரு வேலையாக நினைத்ததே இல்லை.

மாமியாருக்கு அவர் வழி.

“ஏங்கண்ணு, புள்ளைக்கு உரம் விழுந்திருக்குது. சேலையில போட்டு நாலு உருட்டு உருட்டுனாச் செரியாப் போயிரும். நம்ம ஊட்டுல எல்லாப் புள்ளைக்கும் பண்ணுனதுதான்.”

குழந்தையைத் தூக்கும்போது எங்கோ பிசகிக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். விரித்த சேலையில் குழந்தையைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள்.

“வேண்டாம் அத்தை. பால் இருக்கிற வயிறு. உருட்டினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.”

“செரி, தூளியாச்சும் கட்டலாமா? தரையில போட்டா நொம்ப வெறைக்குமுல்ல?”

நான் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து காட்டினேன். தூளியில் குழந்தையின் முதுகு வளைந்திருக்கும். தலை முன்னால் மடிந்து தாடை நெஞ்சில் படும். “குழாய் இவ்ளோ சின்னது அத்தை. கழுத்து மடங்கினா அடைஞ்சிடும். அழக்கூட முடியாது, நமக்குத் தெரியாது.”

மாமியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எம்பட மகன் தூளியிலதான் வளந்தான். மூக்கும் முழியுமா நல்லாத்தான இருக்கறான்?”

“மூளையப் பத்தி மட்டும் வாயவே தொறக்க மாட்டேங்கிறியேம்மா” என்றார் கணவர். மூன்று பேரும் சிரித்தோம். அந்த மாதிரிப் பேச்சு இப்போது எங்கள் வீட்டில் கிடையாது.

பலகையை நான் அவசரமாகச் செய்யவில்லை. முதலில் மெத்தைக்கு அடியில் தலையணை, மடித்த கோணிச் சாக்கு என்று வைத்து, கோணமும் காட்டும் ரசமட்டத்தால் அளந்து, ஒவ்வொரு கோணத்திலும் மூன்று நாள் குறிப்பெடுத்தேன். பதினைந்து டிகிரியில் மாற்றமில்லை. இருபதில் கொஞ்சம் குறைந்தது. முப்பதில் நன்றாகக் குறைந்தது, ஆனால் குழந்தை கீழ்ப்பக்கமாக நகர்ந்தாள். இரண்டு டிகிரி குறைத்தேன். நகரவில்லை. களத்தில் செய்வதைத்தான் செய்தேன்.

உலர்த்தும் தட்டுகளைச் செப்பனிட வந்திருந்த ஆசாரி, சில்வர் ஓக் மரத்தில் பலகையைச் செய்து கொடுத்தார். விளிம்பு இழைத்து, மேலே பஞ்சு வைத்து நான் உறை தைத்தேன். சறுக்காமல் இருக்கக் கால்களுக்கு நடுவில் கொடுத்துக் கட்டும் ஒரு துணிப்பட்டை வைத்தேன். முதல் நாள் அதில் இரண்டு மணி நேரம் தூங்கினாள். மூன்றாவது பத்தியில் எண்கள் இறங்கின: பதினெட்டு, பதினொன்று, ஆறு. அந்தப் பதினேழு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். யாராவது வந்தால் பலகையைக் காட்டினேன்.

அப்படித்தான் அவளுக்கும் காட்டினேன். அவள் எங்கள் கூடத்தில் கொட்டை பொறுக்கும் மேசையில் வேலை செய்கிறவள், பக்கத்து மலையூரான வெள்ளக்கடைக்காரி. என் மகளைவிட ஆறு வாரம் இளையவன் அவள் மகன். அவனும் கக்கினான். குழந்தையைப் பார்க்க வந்தவள் பலகையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஏனுங்க மேடம், இதென்னுங்க, பள்ளிக்கூடத்துச் சறுக்கு மரமாட்டம்?”

“சறுக்காது. பட்டை இருக்கு பாரு.”

“எம்புள்ளைக்கும் ஒண்ணு செய்யச் சொல்லுங்க. பால் குடிச்சா முக்காவாசி என்ற தோள்லதானுங்க. வேலைக்கு வந்தா எல்லாரும் மூக்கப் புடிக்கறாங்க.”

ஆசாரியிடம் அதே அளவைக் கொடுத்தேன். கணவர் வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உறை நானே தைத்தது, மஞ்சள் பூப்போட்டது.

பதினெட்டாம் நாள் காலையில் மகள் பட்டையின்மேல் கக்கினாள். துவைத்துப் போட்டேன், மழையில் காயவில்லை. ஒரு துண்டைச் சுருட்டி அவள் காலுக்குக் கீழே அணைகொடுத்துப் படுக்க வைத்தேன். மாமியார் பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாற்பதுக்குக் கூடத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வந்தவனுக்கு உலர்த்தும் எந்திரத்தின் வெப்பமானி நான்கு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. பிரசவ விடுப்பில் இருந்தாலும் எனக்கு அந்தக் கேள்வி பிடித்தது. ஜன்னலோரம் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே பனி இறங்கி, சாலையே தெரியவில்லை. பேசி முடித்தபோது இரண்டு ஐம்பத்திரண்டு. போனில் அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது: பன்னிரண்டு நிமிடம்.

திரும்பிப் பார்த்தபோது அவள் பலகையின் கீழ்முனையில் இருந்தாள். துண்டு நழுவித் தரையில் கிடந்தது. இடுப்பு முனையில் இடித்து நின்று, முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தியிருந்தது. நான் மாமியாருக்கு வரைந்து காட்டிய படம்தான். சத்தமே இல்லை. நீலம் என்று சொல்வார்கள். நான் பார்த்தது சாம்பல் நிறம்.

எஸ்டேட்டில் முதலுதவி வகுப்பு நடக்கும், நானும் போயிருக்கிறேன். தரையில் படுக்க வைத்து, அவள் மூக்கையும் வாயையும் சேர்த்து என் வாயால் மூடி, ஐந்து முறை சிறிதாக ஊதினேன். நெஞ்சில் இரண்டு விரலால் அழுத்தினேன். மறுபடி ஊதினேன். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் செய்தது அது ஒன்றுதான். பிறகு ஒரு விக்கல்போல வந்தது. அதன்பின் அழுகை, மிகச் சன்னமாக. மாமியார் வாசல்படியில் விறகோடு நின்றிருந்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கல்லில் எண் எழுதியிருக்கும். எட்டாவது வளைவுக் கல்லைத் தாண்டும்போது அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. இடது கை மட்டும் துடித்தது.

சேலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் ஒரு பெண். என்ன நடந்தது என்று கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

“எத்தனை டிகிரி இருக்கும்?”

“இருபத்தெட்டு.”

பின்னால் நின்ற கணவர் தாழ்ந்த குரலில், “இருபத்தெட்டுக்கு அப்புறம் பாயிண்ட்டு எதுவும் இல்லையா?” என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் டாக்டரிடம் பட்டையைப் பற்றிச் சொன்னேன். பட்டை காயாததுதான் காரணம் என்றும், இரண்டு பட்டை தைத்திருந்தால் மாற்றிப் போட்டிருக்கலாம் என்றும் சொன்னேன். உள்ளே குழந்தை குழாய்களோடு கிடக்கும்போது நான் பலகையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “பட்டை இருந்தாலும் இதேதாம்மா நடக்கும். இந்த வயசுல தலை கனம், கழுத்துக்குப் பலம் கிடையாது. சாய்ச்சு வச்சாலே தலை முன்னாடி விழும். பட்டை உடம்பத்தான் பிடிக்கும், தலைய யாரு பிடிப்பா? பதினேழு நாள் ஒண்ணும் ஆகலைன்னா, அது பலகை நல்லதுங்கிறதால இல்ல.”

அந்த நொடியிலேயே எனக்கு இன்னொரு பலகை நினைவுக்கு வந்தது. குழப்பத்தில் மறந்துபோனேன் என்று எழுதலாம், படிக்கிறவர்கள் நம்புவார்கள். அது உண்மையில்லை. மஞ்சள் பூப்போட்ட உறை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஏழு வரி எழுதினேன். மடித்துப் பையில் வைத்தேன்.

வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதற்குள் கணவர் சொந்தக்காரர்களிடமும் எஸ்டேட்டிலும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “பால் பொரையேறிருச்சு. ஆமா, திடீர்னு.” என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. அவளிடம் பட்டை இருக்கிறது, காய்ந்த பட்டை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டையால் பயனில்லை என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கேட்டிருந்தேன்.

மறுநாள் காலை வெள்ளக்கடையிலிருந்து குரல் பதிவு வந்தது. “மேடம், பாப்பா எப்பிடி இருக்குதுங்க? ரைட்டரு பொரையேறிருச்சுன்னு சொன்னாருங்க. எனக்கு மனசே ஆறலைங்க. இவன் இப்பத்தான் குடிச்சுப்போட்டு நம்ம பலகையில தூங்கறான். பயப்படாதீங்க, சாமி பாத்துக்குவாரு.”

நான் பதில் தட்டினேன்: பரவாயில்லை. புரையேறிவிட்டது. டாக்டர் பார்க்கிறார்கள்.

அனுப்பினேன். அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

அன்று பகல் மகளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. மாலையில் தலை ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினார்கள். வலது பக்கத்தில் சில இடங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம், இப்போது எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும் என்றார்கள். பாதிப்பு எத்தனை நிமிடத்தில் வரும் என்று கேட்டேன். “சில நிமிஷம் போதும்” என்றார் டாக்டர்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து எட்டாவது வரியை எழுதினேன். கணவரிடம் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் உடனே போனை எடுத்தார். அவள் எண் கிடைக்கவில்லை. மழை என்றால் அந்தப் பக்கம் சிக்னல் போய்விடும். மறுபடி மறுபடி அடித்தோம்.

“காலையில நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்” என்றார். “ஏதாவது சொல்லிக்கலாம்.”

“என்ன சொல்லுவீங்க? காரணம் தெரியலன்னா தலையணைய வச்சாவது சாய்ச்சுப் போடுவா. நானே வரேன்.”

சேலத்திலிருக்கும் என் அம்மாவை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினோம். அதே வளைவுகள் தலைகீழ் வரிசையில் வந்தன. டவுனில் வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளக்கடை போய்ச் சேரும்போது மணி எட்டரை. வாசலில் அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்க மேடம், வாங்க ரைட்டரே. பாப்பாவ ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டீங்களா?”

நான் நேராக உள்ளே போனேன். குழந்தை பலகையில் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டை சரியாகக் கட்டியிருந்தது. பட்டைக்கு மேலே உடம்பு லேசாக மடிந்து, தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. மூச்சு வந்துகொண்டிருந்தது. நான் பட்டையை அவிழ்த்து அவனைத் தூக்கினேன். அவன் முழித்து அழுதான்.

“ஏனுங்க, தூங்கற புள்ளைய எதுக்குங்க தூக்கறீங்க?”

“இந்தப் பலகைய நான் எடுத்துட்டுப் போறேன்.”

அவள் சிரித்தாள். “குடுத்தத திருப்பிக் கேக்கறீங்களாக்கும்? இதுலதானுங்க இவனுக்குத் தூக்கமே வருது. வேணும்னா உறைய மட்டும் கொண்டு போங்க.”

“இது சரியில்ல. தப்பாச் செஞ்சது.”

“என்னுங்க தப்பு? ஆசாரி அளவு பெசகிட்டாருங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்தச் சாக்கை அவளே எடுத்துக் கொடுத்திருந்தாள். கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

“ஆசாரி சரியாத்தான் செஞ்சாரு. அளவு சொன்னதுதான் தப்பு. சொன்னது நான். பாப்பாவுக்குப் புரையேறல. இந்த மாதிரிப் பலகையில சறுக்கி, கழுத்து மடங்கி, மூச்சு நின்னுபோச்சு. நான்தான் படுக்க வச்சேன். டாக்டர் சமமாப் போடுன்னு சொன்னாரு. நான் கேக்கல.”

அவள் குழந்தையை என் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். அவனைத் தோளில் போட்டு முதுகைத் தடவினாள்.

“எப்பங்க நடந்துச்சு?”

“முந்தாநாள் மத்தியானம்.”

“நேத்து நான் கேட்டேனுங்களே” என்றாள். “பலகையிலதான் தூங்கறான்னு வேற சொன்னேன். நேத்து மூணு தடவ போட்டேன் மேடம். ராத்திரியும் போட்டேன். காலையிலயும் போட்டேன்.”

நான் குனிந்து பலகையைக் கையில் எடுத்தேன்.

“படிச்சவங்க செஞ்சதுன்னுதானுங்க வாங்கிக்கிட்டேன். எங்கம்மா வேண்டாம்னு சொல்லுச்சு. உனக்கென்ன தெரியும்னு அதோட வாய அடச்சேன்.” குரலை உயர்த்தவே இல்லை. “எடுத்துட்டுப் போங்க. உறையும் எடுத்துட்டுப் போங்க.”

எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொன்னேன்: சமமான, கெட்டியான இடத்தில், மல்லாக்க, கக்கினாலும் மல்லாக்கத்தான், தலையணை வேண்டாம், குடித்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொள். அவள் என்னைப் பார்க்கவில்லை. “நான் டாக்டரையே கேட்டுக்கறேனுங்க” என்றாள். அது சரியான பதில்.

பலகையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து வந்தேன். வீட்டில் மாமியார் வெந்நீர் அடுப்பு மூட்டியிருந்தார். முதல் பலகை ஏற்கெனவே இரண்டாகப் பிளந்து அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் இரண்டாவதையும் வாங்கிக்கொண்டார். தூளியைப் பற்றியோ நான் வரைந்த படத்தைப் பற்றியோ அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மதிய பஸ்ஸில் நாங்கள் சேலத்துக்கு இறங்கினோம். சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக நானே போன் செய்து, புரையேறவில்லை என்று சொன்னேன். சிலர் ஆறுதல் சொன்னார்கள். சிலர் அதன்பிறகு போன் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தரையில் பாயும் மெல்லிய கெட்டி மெத்தையும் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தேன். அவள் கக்கினாள். துவைத்தேன். துணியை எடை போடவில்லை. ஏழாம் மாதத்தில் ஒரு வாரம் முழுக்கக் கக்கவில்லை என்று திடீரென்று கவனித்தேன். பிறகு கக்கவே இல்லை. டவுன் டாக்டர் சொன்னபடி, எதுவும் செய்யாமலே நின்றது.

இப்போதைய நிலை இது. மகளுக்குப் பதினோரு மாதம் முடிந்திருக்கிறது. எடை ஏழு கிலோ நானூறு. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். வலது கையால் பொருளை எடுக்கிறாள். இடது கை விரல்கள் மூடியே இருக்கின்றன, பிரித்துவிட்டால் மறுபடி மூடிக்கொள்கின்றன. வலிப்பு மருந்து காலையும் மாலையும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்காகச் சேலத்துக்குப் பஸ்ஸில் இறங்குகிறோம். நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். வெள்ளக்கடைக்காரி அதே மேசையில் கொட்டை பொறுக்குகிறாள். எதிரே வந்தால் வணக்கம் சொல்கிறாள். என் குழந்தையைப் பற்றிக் கேட்பதில்லை. அவள் மகன் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறான் என்று மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன். என் மகள் இன்னும் தானாக உட்காரவில்லை.